கொரியாடவுன்: சம்பள பாக்கியும் வீட்டு நோட்டீசும் சேர்ந்து வரும்போது

இந்தப் பிரச்சினையில் தொழிலாளர்களுக்கு உதவும் மூன்று பேர் சொல்வது.

சம்பளக் கணக்கு எழுதித் தருபவர்:

லாஸ் ஏஞ்சல்ஸ் கொரியாடவுன் உணவகச் சமையலறைகளில் திரும்பத் திரும்பப் பார்க்கும் ஏற்பாடு இது. வாரம் 6 நாள், நாளுக்கு 11 மணி நேரம், வாரத்துக்கு மொத்தமாக 900 டாலர். பாதி செக், மீதி கவரில் ரொக்கம். மெக்சிகோக்காரரோ, குவாத்தமாலாக்காரரோ, கொரியரோ, கவர் ஒன்றுதான்.

பாக்கியைக் கணக்கிடும்போதுதான் பலர் கோட்டை விடுகிறார்கள். நகரத்தின் குறைந்தபட்சக் கூலி 2025 ஜூலை முதல் மணிக்கு 17.87 டாலர். 40 மணி நேரத்துக்குச் சாதாரணக் கூலி, மீதி 26 மணி நேரத்துக்கு ஒன்றரை மடங்கு என்று போட்டால் 1,411.73 வரும். அதில் 900 போக பாக்கி 511.73 என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அது குறைவு. கலிபோர்னியா தொழிலாளர் சட்டத்தின் 515வது பிரிவுப்படி, மொத்தமாகக் கொடுத்த சம்பளம் ஓவர்டைம் இல்லாத மணி நேரத்துக்கு மட்டும்தான். “எல்லாம் சேர்த்துத்தான் பேசினோம்” என்று முதலாளி சொன்னால் செல்லாது. ஆக, 900ஐ 40ஆல் வகுக்க வேண்டும்: மணிக்கு 22.50. ஒன்றரை மடங்கு 33.75. 26 மணி நேரத்துக்கு 877.50 டாலர். வாரத்துக்கு 366 டாலர் வித்தியாசம். சம்பளப் புகார்களை விசாரிக்கும் மாநில அதிகாரியான லேபர் கமிஷனரிடம் மூன்று வருடம் வரை பின்னோக்கிக் கேட்கலாம் என்பதால் இது பெரிய தொகை.

சாப்பாட்டு இடைவேளையைத் தனியாக எழுதுங்கள். ஐந்தாவது மணி நேரம் முடிவதற்குள் 30 நிமிடம் விடவில்லை என்றால், அந்த நாளுக்கு ஒரு மணி நேரக் கூலி கூடுதலாகச் சேரும். கலிபோர்னியாவில் டிப்ஸைக் காட்டிக் கூலியைக் குறைக்க முடியாது, அதையும் கவனியுங்கள்.

ஆதாரம் இல்லையே என்று பயப்பட வேண்டாம். வேலை நேரப் பதிவேடு வைப்பது முதலாளியின் கடமை. அவர் வைக்கவில்லை என்றால் தொழிலாளியின் நியாயமான மதிப்பீட்டையே எடுத்துக்கொள்வார்கள். ஆனால் அது நம்பும்படி இருக்க வேண்டும். எண்ணெய்க் கறையோடு, இரண்டு நாளுக்கு ஒருமுறை மையின் நிறம் மாறியிருக்கும் பாக்கெட் நோட்டு விசாரணையில் நிற்கும். ஒரே பேனாவில், ஒரே கையோட்டத்தில், ஒரே ராத்திரியில் எழுதிய 20 பக்கம் நிற்காது. சம்பளக் கவரைத் தூக்கிப் போடாதீர்கள், அதன் மேல் மேனேஜர் பென்சிலால் எழுதிய தொகையே சாட்சி. சம்பளப் பதிவுகளின் நகலை எழுத்தில் கேட்டால் 21 நாளுக்குள் தர வேண்டும். தராவிட்டால் 750 டாலர் அபராதம்.

தொழிலாளர்களைச் சேர்க்கும் வேலையில் இருப்பவர்:

கணக்கு சரி. ஆனால் தனியாளாகப் போகாதீர்கள். இரண்டு பேர் சேர்ந்து கூலி பற்றிக் கேட்டாலே அது மத்தியத் தொழிலாளர் சட்டம் காக்கும் கூட்டுச் செயல். வேலையை விட்டு எடுத்தால் அந்த வழியில் புகார் கொடுக்க ஆறு மாதம்தான் இருக்கிறது. விசா இல்லாதவர்களுக்கும் அந்தச் சட்டம் பொருந்தும். ஆனால் 2002இல் வந்த அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஹாஃப்மன் பிளாஸ்டிக் தீர்ப்புக்குப் பிறகு, வேலை நீக்கத்துக்கு ஈடாக இழந்த சம்பளம் அவர்களுக்குக் கிடைக்காது. செய்து முடித்த வேலைக்கான கூலி வேறு, அதைக் கேட்கும்போது குடியேற்ற நிலை ஒரு பொருட்டே இல்லை என்று மாநிலச் சட்டம் சொல்கிறது. இந்த இரண்டையும் குழப்பிச் சொல்வதால்தான் பாதிப்பேர் முதல் கூட்டத்திலேயே எழுந்து போய்விடுகிறார்கள்.

ஜெயித்த பிறகு வசூலிப்பதுதான் மலை. 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, கலிபோர்னியாவில் தீர்ப்பு பெற்றவர்களில் 17 சதவீதம் பேருக்குத்தான் ஏதாவது பணம் கைக்கு வந்தது. கடை பெயர் மாறும், மச்சான் பெயரில் லைசென்ஸ் வரும், அடுப்பும் ஆட்களும் அப்படியே இருப்பார்கள். அதனால் முதல் நாளே போட்டோ எடுத்து வையுங்கள்: சுவரில் மாட்டியிருக்கும் லைசென்ஸ், மதுபானப் பெர்மிட், சம்பளச் செக்கில் இருக்கும் கம்பெனிப் பெயர். அதே இடம், ஏறத்தாழ அதே ஆட்கள் என்று காட்டினால் பழைய கடனைப் புது முதலாளி மேல் கொண்டுவர வழி உண்டு. கூட்டமாக நின்றால் வசூல் எப்படி மாறும் என்பதற்கு 2014இல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு டிம்சம் (சீனச் சிற்றுண்டி) உணவகத் தொழிலாளர்கள் சுமார் 280 பேர் பெற்ற 40 லட்சம் டாலர் உடன்பாடே சாட்சி.

குடியிருப்போர் சங்கத்திலிருந்து:

இங்கே சொன்ன தொழிலாளர்களில் பலர் தேர்ட் ஸ்ட்ரீட் பக்கம், லிட்டில் பங்களாதேஷைச் சுற்றியுள்ள பழைய கட்டடங்களில் இரண்டு அறையில் ஆறேழு பேராக இருப்பவர்கள். நகரத்தின் வாடகைக் கட்டுப்பாடு பொதுவாக 1978 அக்டோபர் 1க்கு முன் குடியேற அனுமதி பெற்ற கட்டடங்களுக்கு. ஜிமாஸ் என்ற நகர வரைபடத் தளத்தில் முகவரியைப் போட்டால் தெரிந்துவிடும்.

முதலில் வருவது நோட்டீஸ் இல்லை, வீட்டுக்காரரின் சிரித்த முகம். “காலி செய்தால் இவ்வளவு தருகிறோம், இன்றைக்கே கையெழுத்து.” கட்டுப்பாட்டுக்குள் இருக்கும் வீட்டில் அந்த ஒப்பந்தம் குடியிருப்பவரின் தாய்மொழியில் இருக்க வேண்டும், உரிமைகளைச் சொல்லும் தாளும் தர வேண்டும். கையெழுத்துப் போட்ட பிறகும் 30 நாளுக்குள் ரத்து செய்யலாம். நீட்டிய தொகை பெரிதாகத் தோன்றும். அதே தெருவில் புது வீட்டுக்கு முன்பணமும் முதல் மாத வாடகையும் கொடுத்தால் என்ன மிஞ்சும் என்று எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள்.

வாடகை பாக்கிக்கான மூன்று நாள் நோட்டீசில் சனி, ஞாயிறு, நீதிமன்ற விடுமுறை சேராது. அதன்பின் வழக்குத் தாள் வந்தால் பதில் தாக்கல் செய்ய 10 நீதிமன்ற வேலை நாள். 2024 வரை ஐந்துதான், பழைய துண்டுப் பிரசுரங்களில் இன்னும் ஐந்து என்றே இருக்கும். ஒப்பந்தத்தில் பெயர் இல்லாதவர்கள்தான் அதிகம் தவறவிடுகிறார்கள். வழக்குத் தாளோடு, தீர்ப்புக்கு முன்பே குடியிருக்கும் உரிமையைக் கோரும் படிவமும் கொடுக்கப்பட்டிருந்தால், 10 நாளுக்குள் அதைத் தாக்கல் செய்தால்தான் அந்த ஆறேழு பேரும் வழக்கில் ஆட்கள். வாடகையை ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். மணி ஆர்டர், அதன் அடிக்கட்டைகளை ஒரு டப்பாவில்.

மறுபடி சம்பளக் கணக்கிலிருந்து:

சம்பள பாக்கியும் வீட்டு நோட்டீசும் ஒரே கேஸ் என்று சொல்லக் காரணம் உண்டு. புகார் கொடுத்து 120 நாளுக்குள் விசாரணை என்று சட்டம் சொன்னாலும் நடைமுறையில் இரண்டு வருடத்தைத் தாண்டுகிறது. அதற்குள் வீடு போய்விட்டால், விசாரணைக் கடிதம் பழைய தபால் பெட்டியில் கிடக்கும். தொழிலாளி வரவில்லை என்று கேஸை மூடிவிடுவார்கள். 900 டாலர் கவரை மூன்று வருடம் பத்திரப்படுத்தியவர்களுக்கு இப்படி ஆவதைப் பார்க்க மனசு ஆறாது. புகார்ப் படிவத்தில் தபால் முகவரிக்கு, சங்கத்தார் சம்மதித்தால், அவர்கள் அலுவலகத்தின் முகவரியையோ தபால் நிலையப் பெட்டி எண்ணையோ எழுதுங்கள். வீடு மாறினால் அன்றைக்கே கேஸ் எண்ணோடு எழுத்தில் தெரிவியுங்கள், போனில் சொன்னது கோப்பில் ஏறாமல் போகும்.