குளிர்ந்த எஞ்சினில் மட்டும் கேட்கும் ‘டிக் டிக்’ சத்தம்: கசிவு எங்கே?

கேள்வி:
பன்னிரண்டு ஆண்டுகள் ஓடிய என் பெட்ரோல் காரைக் காலையில் இயக்கியதும் பானெட்டுக்குள் ‘டிக் டிக்’ என்ற சத்தம் எழுந்து, பத்து நிமிடம் ஓடியபின் தானாக அடங்கிவிடுகிறது. டேப்பெட் (வால்வை இயக்கும் பாகம்) இடைவெளியைச் சரிசெய்தும் பயனில்லை. சிக்னலில் நிற்கும்போது உள்ளே லேசான புகைவாடையும் வருகிறது. எங்கிருந்து தேடுவது?

மறுமொழி 1:
சூடேறியதும் அடங்குவதே நல்ல தடயம். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளிக்குழாய்க்கு அனுப்பும் பாகம்) சூட்டில் விரிந்து, புகை கசிந்து சத்தமெழுப்பும் சிறு இடைவெளியைத் தானே அடைத்துக்கொள்ளும். எஞ்சின் நன்றாக ஆறியிருக்கும்போது, ஊதும் வசதியுள்ள வேக்குவம் கிளீனரின் குழாயைத் துணி சுற்றிச் சைலன்சர் வாயில் பொருத்தி ஊதவிட்டு, மேனிஃபோல்டு இணைப்பிலும் வெல்டிங் செய்த இடங்களிலும் சோப்புநீரைத் தெளியுங்கள். கசியும் இடத்தில் குமிழ் பொங்கும். சைலன்சரின் அடியிலுள்ள சிறு துளை நீர் வடிவதற்கானது என்பதால், அங்கே குமிழ் வந்தால் பதற வேண்டாம்.

மறுமொழி 2:
வாடையை அலட்சியம் செய்யாதீர்கள். அதனுடன் வரக்கூடிய கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது. பழுது நீங்கும்வரை கண்ணாடியை இறக்கியே ஓட்டுங்கள். மூடிய ஷெட்டில் எஞ்சினை ஓடவிடாதீர்கள். மேலும், ஆக்சிஜன் சென்சாருக்கு (புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் கருவி) முன்னால் கசிவு இருந்தால் வெளிக்காற்று உள்ளே புகுந்து, கலவையில் பெட்ரோல் குறைவு என்று சென்சார் தவறாகக் கணிக்கக்கூடும்.

கேட்டவர்:
கண்டுபிடித்துவிட்டேன். மூன்றாம் சிலிண்டர் அருகே விரலகலத்துக்குக் கரி படிந்திருக்கிறது. குமிழும் அங்கேதான் வந்தது. அங்குள்ள ஸ்டட் (மேனிஃபோல்டை எஞ்சினோடு பிணைக்கும் தலையில்லாத திருகாணி) ஒன்று முறிந்திருக்கிறது.

மறுமொழி 1:
மற்ற நட்டுகளுக்குத் துரு நீக்கும் எண்ணெய் தெளித்து ஓரிரவு ஊறவிட்டுக் கழற்றுங்கள். கேஸ்கெட்டை (இணைப்பில் கசிவைத் தடுக்கும் தகடு) புதிதாகப் போடுவதற்கு முன், மேனிஃபோல்டின் முகம் வளைந்திருக்கிறதா என்று நேர்விளிம்பு (வளைவற்ற உலோகச் சட்டம்) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.