ஊக்கப் பேச்சால் ஊழியருக்குத் தன்னம்பிக்கை வருமா?

மூன்றாம்மாடி:
எங்கள் அலுவலகத்தில் மேலாளர்கள் அத்தனை பேரையும் தலைமைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். போய் வந்ததிலிருந்து ஒரே ஊக்க மழை. உருமாற்றுத் தலைமை என்று பெயர். வேலையை வாங்கிக்கொண்டு சம்பளமும் போனஸும் கொடுப்பதோடு நிற்காமல், ஊழியரையே வளர்த்தெடுக்க வேண்டுமாம். சரி, கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மீட்டிங்கில் "உங்கள் மேல் எனக்கு முழு நம்பிக்கை" என்று சொல்லும் அதே மனிதர், மாதாந்திர அறிக்கையில் இரண்டு பத்தியை நான் இடம் மாற்றியதற்கு "யாரைக் கேட்டுச் செய்தீர்கள்" என்கிறார்.

1978-ல் இந்தக் கருத்தை விரிவாக எழுதிய ஜேம்ஸ் மெக்ரெகர் பர்ன்ஸ் ஓர் அரசியல் வரலாற்றாசிரியர், அவர் மனதில் இருந்தது அரசியல் தலைவர்கள். 1985-ல் உளவியலாளர் பெர்னார்ட் பாஸ் அதை நிறுவனங்களுக்குக் கொண்டுவந்தார். அப்புறம் மேலாளர்களுக்கு மதிப்பெண் போடக் கேள்வித்தாள் வந்தது, பயிற்சி நடத்துபவர்களுக்குப் பிழைப்பும் வந்தது.

'இந்த வேலை என்னால் முடியும்' என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பதை உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-லேயே எழுதிவிட்டார். தானே செய்து ஜெயித்த அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் சொல்லும் ஊக்க வார்த்தை, அந்த நேரத்து உடல் மன நிலை. இந்த நான்கில் முதலாவதுதான் வலுவானது, வெறும் வார்த்தையில் வந்த நம்பிக்கை முதல் அடியிலேயே கலைந்துவிடும் என்பதும் அவர் சொன்னதுதான். அப்படியென்றால் இந்தத் தலைமைப் பயிற்சியெல்லாம் வெறுங்கையில் முழம் போடுவது என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

விதைநெல்:
வந்துவிட்டேன். ஊழியர் பயிற்சிதான் என் வேலை, அதனால் ஒரு பக்கம் சாய்ந்துதான் பேசுவேன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பாஸ் சொன்ன நான்கு கூறுகளில் உங்கள் மேலாளர் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறார், அதையே நீங்களும் பிடித்துக்கொண்டு அடிக்கிறீர்கள். முன்மாதிரியாக நடப்பது, இலக்கைக் காட்டி ஊக்குவிப்பது, பழைய வழியைக் கேள்வி கேட்கத் தூண்டுவது, ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கவனித்து வளர்ப்பது. கடைசியில் சொன்னதுதான் மென்ட்டரிங். பத்தியை மாற்றியதற்கு முகம் சுளித்தவர் மூன்றாவதில் தோற்றுவிட்டார், அவ்வளவுதான்.

பயிற்சியால் பயனே இல்லை என்பதும் சரியில்லை. 1996-ல் பார்லிங், வெபர், கெல்லோவே மூவரும் கனடாவின் ஒரு வங்கியில் கிளை மேலாளர்களைக் குலுக்கல் முறையில் பிரித்துச் சோதித்தார்கள். ஒரு பகுதியினருக்கு ஒரு நாள் வகுப்பு, அதன் பிறகு ஒவ்வொருவரையும் தனியாக உட்கார வைத்து நான்கு அமர்வுகள். அவர்களுக்குக் கீழே வேலை செய்தவர்களிடம் நிறுவனத்தின் மேலிருந்த பற்று கூடியது. தனி அமர்வு என்பதைக் கவனியுங்கள். ஒரு நாள் வகுப்பு முடித்துச் சான்றிதழோடு குழுப் படம் எடுத்து அனுப்பிவிடுகிற பயிற்சிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

மேலாளரின் நம்பிக்கைக்கும் மதிப்பு இருக்கிறது சகோ. டோவ் ஈடனும் ஷானியும் 1982-ல் வெளியிட்ட ஆய்வில், இஸ்ரேல் ராணுவப் பயிற்சியாளர்களிடம் "இவர்கள் திறமைசாலிகள்" என்று சிலரைக் காட்டினார்கள். உண்மையில் கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கிய பெயர்கள். கடைசியில் அவர்கள்தான் நன்றாகத் தேறினார்கள்.

சாம்பல்பூனை:
வங்கி ஆய்வில் மேலாளர்கள் மொத்தம் 20 பேர். அதையும் சொல்லியிருக்கலாம்.

ஈடன் ஆய்வை நான் படிக்கும் விதம் வேறு. "இவன் தேறுவான்" என்று நினைத்தவரைப் பயிற்சியாளர் வேறு மாதிரி நடத்தியிருக்கிறார், அந்தப் பயிற்சியாளரைப் பற்றிய அபிப்பிராயமும் அந்த மாணவர்களிடம்தான் உயர்வாக இருந்தது. இப்போது மறுபக்கம் பாருங்கள். ஒரு டீமில் பத்துப் பேர் இருந்தால் இரண்டு பேரின் பெயர்தான் மேலாளர் வாயில் வரும். மீதி எட்டுப் பேரும் அதே ஊக்க உரையைக் கேட்டுக்கொண்டு, தங்களுக்கு வரும் வேலையின் தரத்தைப் பார்த்தே தங்கள் இடத்தைப் புரிந்துகொள்கிறார்கள்.

இராக்கோழி:
நான் நர்ஸ், வார்டு பொறுப்பு. எல்லாரும் புத்தகமாகப் பேசுகிறீர்கள், நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

புதிதாக வந்த பெண்கள் ரவுண்ட்ஸில் வாயே திறக்க மாட்டார்கள். டாக்டர் கேட்டால் பார்வை நேராகச் சீனியர் பக்கம் போகும், சீனியர் பதில் சொல்வார், இப்படியே வருஷம் ஓடிவிடும். நான் வேலை கற்றுக்கொண்ட சிஸ்டர் ஒருவர் இதை உடைத்தார். ராத்திரி நான் பார்த்த நோயாளியின் கட்டிலருகே டாக்டர் வந்து நின்று, "யூரின் எவ்வளவு போயிருக்கிறது?" என்று சிஸ்டரைக் கேட்டார். அவருக்குத் தெரியும், ஐந்து நிமிஷம் முன்னால் சார்ட்டில் என்னோடு சேர்ந்து சரிபார்த்தவரே அவர்தான். ஆனால் "அவங்க பேஷண்ட் டாக்டர், அவங்களையே கேளுங்க" என்று சொல்லிவிட்டுப் பக்கத்துக் கட்டிலின் டிரிப்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். தொண்டை அடைத்தது, சொன்னேன். டாக்டர் அடுத்த கேள்வியை நேராக என்னிடம் கேட்டார். அன்றைக்கு சிஸ்டர் என்னிடம் பாராட்டாக ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆனால் ரவுண்ட்ஸுக்கு முன்னால் உட்கார்ந்து சார்ட்டைச் சரிபார்த்தார் பாருங்கள், அது இல்லாமல் என்னைத் தள்ளிவிட்டிருந்தால் நான் உளறியிருப்பேன், அதோடு ஜென்மத்துக்கும் வாய் திறந்திருக்க மாட்டேன்.

மூன்றாம்மாடி:
அக்கா, நீங்கள் என் கட்சிக்குத்தான் சாட்சி சொல்லியிருக்கிறீர்கள். உரை இல்லை, தொலைநோக்கு இல்லை, பாராட்டுகூட இல்லை. வேலை கொடுத்தார், விலகி நின்றார்.

விதைநெல்:
விலகி நிற்கத் தெரிந்தது யாருக்கு? எப்போது விலகலாம், அதற்கு முன் எதைச் சரிபார்க்க வேண்டும் என்று அந்த ஒரு பெண்ணைக் கவனித்து முடிவெடுத்தாரே, அதற்குத்தான் தனிக் கவனிப்பு என்று பெயர். மைக் பிடித்தால்தான் தலைமை என்று நீங்களாகவே வரையறுத்துக்கொண்டு அதை நீங்களே தோற்கடிக்கிறீர்கள்.

மூன்றாம்மாடி:
நல்லது எதைச் செய்தாலும் அது உருமாற்றுத் தலைமை, கெட்டது நடந்தால் 'அவர் சரியாகப் பின்பற்றவில்லை' என்றால் அந்தக் கொள்கையை எப்போதுதான் தப்பு என்று நிரூபிப்பது? இது என் குறை மட்டுமில்லை. வான் க்னிப்பன்பெர்க், சிட்கின் இருவரும் 2013-ல் இதையேதான் விமர்சித்தார்கள். கருத்துக்குத் தெளிவான வரையறை இல்லை, விளைவை வைத்தே காரணத்துக்குப் பெயர் சூட்டுகிறார்கள் என்று.

கடைசிபெஞ்ச்:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் வேலையில் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. என் நிலைமை தலைகீழ். எனக்குக் கிடைத்த மேலாளர் தங்கமானவர். பொறுமையாகச் சொல்லித்தருவார், எல்லார் முன்னாலும் பாராட்டுவார், அவர் பக்கத்தில் இருக்கும்போது எதையும் செய்துவிடலாம் போலிருக்கும். போன மாதம் அவர் லீவில் போனார். கிளையன்ட்டிடமிருந்து "வெள்ளிக்கிழமைக்குப் பதில் புதன்கிழமை தர முடியுமா" என்று ஒரு மெயில். முடியும் என்று எனக்குத் தெரியும், வேலை முடிந்து கிடந்தது. பதிலை டைப் செய்து வைத்துவிட்டு அனுப்பாமல் சாயங்காலம் வரை அவர் போனுக்காகக் காத்திருந்தேன். இது தன்னம்பிக்கையா, வேறு ஏதாவதா?

சாம்பல்பூனை:
தம்பி, நீங்கள் மட்டும் இல்லை. ரோனிட் கார்க், ஷமிர், சென் மூவரும் 2003-ல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். வங்கி ஊழியர்கள் 888 பேர், அவர்களுக்கு மேலே 76 கிளை மேலாளர்கள். உருமாற்றுத் தலைமை இருந்த இடத்தில் இரண்டும் ஒன்றாக வந்தன. ஊழியரின் தன்னம்பிக்கையும் கூடியது, மேலாளரை அண்டியிருப்பதும் கூடியது. அந்த மனிதரோடு மனசால் ஒட்டிக்கொண்டவர்களிடம் அண்டியிருக்கும் குணம் வளர்ந்தது, டீமோடு ஒட்டியவர்களிடம் தன்னம்பிக்கை வளர்ந்தது.

அதனால் "நல்ல தலைவர் வாய்த்தால் போதும்" என்பது பாதிக் கதை. தங்கமான மேலாளரிடம்தான் இந்த ஆபத்து அதிகம். மோசமான மேலாளரை யாரும் அண்டி நிற்பதில்லை, தப்பித்தால் போதும் என்றிருப்பார்கள்.

விதைநெல்:
இதை ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் மென்ட்டர் என்பவர் நேர் மேலாளராக இருக்கக் கூடாது, அப்ரைசலில் (வேலை மதிப்பீட்டில்) கை வைக்காத ஒருவர் வேண்டும் என்று நான் அலுவலகத்தில் தொண்டை வற்றக் கத்துகிறேன். கேத்தி கிராம் 1980-களில் மென்ட்டரிங் உறவுகளை ஆராய்ந்தபோது அதற்குப் பருவங்கள் சொன்னார். தொடக்கம், வளர்ச்சி, பிரிவு, அதன் பின் சமமானவர்களாக ஒரு புது உறவு. பிரிவும் அந்த உறவின் ஒரு பகுதிதான். தம்பி, உங்கள் மேலாளர் பிரிவை யோசிக்கவே இல்லை.

மூன்றாம்மாடி:
அதே கிராம் இன்னொன்றும் சொன்னார், அதை ஹெச்.ஆர். ஆட்கள் வசதியாக விட்டுவிடுவார்கள். மென்ட்டரின் வேலை இரண்டு வகை. ஒன்று மனசுக்கு: கேட்பது, ஏற்றுக்கொள்வது, ஆலோசனை. இன்னொன்று வேலைக்கு: பெரிய இடத்தில் பெயரைச் சொல்வது, கஷ்டமான பணியை வாங்கித் தருவது, மேலே இருப்பவர்கள் கண்ணில் படவைப்பது, தவறு நடந்தால் முன்னால் வந்து நிற்பது. நிறுவனங்கள் அறிவிக்கும் திட்டங்களில் முதல் வகை மட்டும்தான் மிஞ்சுகிறது. மாதம் ஒரு முறை ஒருவர் உட்கார்ந்து "எப்படிப் போகிறது?" என்று கேட்பார், நானும் நன்றாகப் போகிறது என்பேன், படிவத்தில் டிக் விழும். பெல் ரோஸ் ராகின்ஸ் குழுவினர் 2000-ல் சொன்னது இதுதான்: திருப்தி தராத மென்ட்டர் இருப்பவர்களின் மனநிலை, மென்ட்டரே இல்லாதவர்களைவிட ஒன்றும் மேலாக இல்லை.

விதைநெல்:
அதே ஆய்வில், நல்ல மென்ட்டர் கிடைத்தவர்கள் தெளிவாக மேலே இருந்தார்கள். பாதியை மட்டும் எடுக்காதீர்கள். ஆனால் டிக் போடும் திட்டம் வேஸ்ட் என்பதில் உங்களோடு சண்டையில்லை.

இராக்கோழி:
பாராட்டு பற்றி ஒன்று. "நீ கெட்டிக்காரி" என்று என்னைச் சொன்னவர்கள் உண்டு. அடுத்த தடவை கை நடுங்கும், கெட்டிக்காரி பட்டம் போய்விடுமே என்று. "டிரிப் வேகத்தை எண்ணிப் பார்த்தபிறகு லேபிளையும் படித்தாயே, அது சரி" என்று சொன்னவர்கள் சொன்னது இன்னும் கையோடு இருக்கிறது. ஆளைச் சொல்லாமல் செய்ததைச் சொல்லணும்.

சாம்பல்பூனை:
இதற்கும் ஆதாரம் இருக்கிறது அக்கா. க்ளூகர், டினிசி இருவரும் 1996-ல் பின்னூட்டம் (செய்த வேலையைப் பற்றி ஒருவரிடம் சொல்லும் கருத்து) குறித்து அதுவரை வந்த ஆய்வுகளிலிருந்து 607 முடிவுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். பின்னூட்டம் சராசரியாக உதவியது, ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செயல்திறன் குறைந்துதான் போனது. வேலையை விட்டுவிட்டு 'நான் யார்' என்ற பக்கம் கவனத்தைத் திருப்பிவிட்டால் பின்னூட்டத்தின் பலன் குறைகிறது என்பது அவர்கள் விளக்கம். புகழ்ச்சியும் அப்படித் திருப்பிவிடும்.

கடைசிபெஞ்ச்:
எல்லாம் சரி அண்ணா, அக்கா. நான் நாளைக்கு என்ன செய்வது?

விதைநெல்:
கேள்வியோடு மேலாளரிடம் போகாதீர்கள், முடிவோடு போங்கள். "இதற்கு என்ன செய்யட்டும்?" வேண்டாம். "புதன்கிழமை தருகிறேன் என்று எழுதப்போகிறேன், காரணம் இது" என்று சொல்லுங்கள். கொஞ்ச நாளில் அவர் தலையாட்டுவதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை என்று உங்களுக்கே தெரியும்.

மூன்றாம்மாடி:
அதிலும் அவர் தலையாட்டலுக்குக் காத்திருப்பது இருக்கத்தானே செய்கிறது? தவறாகப் போனால் அப்ரைசலில் யார் பெயர் விழும் என்பது தெரியாதவரை எந்தப் புத்திசாலியும் தானாக முடிவெடுக்க மாட்டான். அது பயம் இல்லை, கணக்கு. கேட்காமல் எதுவரை செய்யலாம் என்று எழுத்தில் வாங்குங்கள் தம்பி.

விதைநெல்:
எழுத்தில் கேட்டால் மேலாளர் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று எல்லையை ரொம்பக் கீழே போடுவார். அப்புறம் அதையே காட்டி எல்லாரும் ஒதுங்குவார்கள்.

இராக்கோழி:
எங்கள் வார்டில் எழுத்தில்தான் இருக்கிறது. இன்சுலின், ஹெப்பாரின், பொட்டாசியம் போட இன்னொரு நர்ஸ் சேர்ந்து சரிபார்க்கணும், அது பெரியவர் சின்னவர் எல்லாருக்கும். புதியவர்களுக்கு மட்டும் அதற்கு மேலே ஒரு தனிப் பட்டியல் உண்டு, பழகப் பழக அதிலிருந்து ஒவ்வொன்றாக அடிப்போம். யாருக்கும் அவமானமாக இல்லை. எங்கே கேட்க வேண்டும் என்று தெரிந்ததால் மற்ற இடத்தில் தைரியமாகச் செய்கிறார்கள். ஏமி எட்மண்ட்சன் என்பவர் மருத்துவமனைகளில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்தபோது, நன்றாக நடக்கும் குழுக்களில்தான் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன என்று எங்கள் வகுப்பில் சொன்னார்கள். அங்கே சொல்லப் பயமில்லை, அதனால் வெளியே வந்தன.

விதைநெல்:
பட்டியலை அடித்துக்கொண்டே போகிறீர்கள் என்பதுதான் முக்கியம். அலுவலகங்களில் ஒரு முறை எழுதினால் அது கல்வெட்டு. யார் அடிப்பது, எப்போது அடிப்பது என்பதையும் சேர்த்தே கேட்டால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

கடைசிபெஞ்ச்:
சரி, மூன்று விஷயம் எழுதிவைத்திருக்கிறேன். கிளையன்ட்டுக்குத் தேதி சொல்வது, டீமுக்குள் வேலை பிரிப்பது, சின்னப் பிழையைக் கேட்காமல் திருத்துவது. முதல் இரண்டையும் கொடுப்பார் என்று நினைக்கிறேன். மூன்றாவதில் 'சின்ன' என்றால் எவ்வளவு என்று கேட்பார், அதற்கு என்னிடம் பதில் இல்லை.

மூன்றாம்மாடி:
அரை மணி நேரத்தில் பழையபடி திருப்பி வைத்துவிட முடிந்தால் சின்னது. அப்படியே எழுதுங்கள்.