மறு: இன்டேக் - உட்கொள்ளலா, புகார் பதிவா, கேட்பா?

எல்லாருக்கும் வணக்கம்,

'இன்டேக்'குக்குத் தமிழ்ல என்ன சொல்லலாம்னு போன வாரம் நான் கேட்ட ஒரே ஒரு சொல்லுக்கு இத்தனை பேர் பதில் எழுதுவீங்கன்னு நினைக்கவே இல்ல, ரொம்ப நன்றி. ஷிஃப்ட் முடிஞ்சு வீடு வந்து சேரவே ராத்திரி ஒன்பது ஆயிடுது, அதனால எல்லாத்துக்கும் சேர்த்து இதுலயே எழுதுறேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

புதுசா சேர்ந்தவங்களுக்காக ஒரு வரி. வயசானவங்க, மாற்றுத்திறனாளிங்க, படுத்த படுக்கையா கிடக்குறவங்க, இவங்களை யாராவது அடிச்சா, பட்டினி போட்டா, கைநாட்டு வாங்கி சொத்தை எழுதிக்கிட்டா, அந்தத் தகவல் முதல்ல வந்து சேர்ற மேசையில நான் வேலை பாக்குறேன். போன் வரும், சில நேரம் ஆளே நேர்ல வருவாங்க, சில நேரம் பக்கத்து வீட்டுக்காரங்க வாட்ஸப்ல வாய்ஸ் அனுப்பிட்டு அடுத்த நிமிஷமே அழிச்சிடுவாங்க. கேட்டு, எழுதி, எவ்வளவு அவசரம்னு பாத்து, போலீஸா ஆஸ்பத்திரியா ஆர்டிஓ (வருவாய் கோட்டாட்சியர்) ஆபீஸா எங்க அனுப்பணுமோ அங்க அனுப்பி வைக்கிற வரைக்கும் எங்க பொறுப்பு. இதுக்கு ஆபீஸ்ல எல்லாரும் சொல்றது 'இன்டேக்'. "இன்னைக்கு இன்டேக்ல யாரு?", "அந்த இன்டேக் ஷீட்டை எடு", இப்படி.

தமிழ்ச் சொல் எதுக்கு, இன்டேக்னே இருந்துட்டுப் போகட்டுமேன்னு ஒருத்தர் கேட்டிருந்தீங்க. காரணம் ஒரு ஃபார்ம். சுய உதவிக் குழுவுல இருந்து சில அக்காங்க தன்னார்வலரா சேர்ந்தாங்க, அவங்களுக்காக ஃபார்மைத் தமிழ்ல மாத்தச் சொன்னோம், மாத்திக் கொடுத்தவர் தலைப்புல 'உட்கொள்ளல் படிவம்'னு போட்டுட்டார். அகராதியைப் பாத்தா அதுவும் ஒரு பொருள்தான், அவர் மேல தப்பு சொல்ல முடியாது. முதல் வாரம் திரும்பி வந்த ஒரு ஃபார்ம்ல அக்கா ஒருத்தங்க பொறுப்பா எழுதியிருந்தாங்க: காலையில இட்லி ரெண்டு, பிரஷர் மாத்திரை பாதி, மத்தியானம் ஒண்ணும் இல்ல, ராத்திரி டீ. அதைப் படிச்சுட்டு நான் கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துட்டேன். அந்தப் பாட்டிக்கு மத்தியானச் சோறே கிடையாதுங்கறது எங்க ஃபார்ம்ல இருந்த எந்தக் கேள்விக்கும் பதிலா வந்திருக்காது. இப்ப 'நேத்து என்ன சாப்பிட்டாங்க, யார் கொடுத்தது'ன்னு ஒரு வரி சேர்த்துட்டோம். அக்கா எழுதுனது அத்தனையும் வேணும், ஆனா தலைப்பு மாறியே ஆகணும்.

> 'புகார் பதிவு'ன்னே வச்சா என்ன? படிக்காதவங்களுக்கும் புரியுமே.

அண்ணா, புரியும், அதான் பிரச்சனையே. புகார்ங்கற வார்த்தை காதுல விழுந்த உடனே போனை வச்சுடுறவங்கதான் அதிகம். பெத்த பிள்ளை மேல எந்தத் தாய் புகார் கொடுப்பா? "புகாரெல்லாம் வேணாம் தாயி, மனசு கேக்கல, யார்கிட்டயாவது சொல்லணும்னு தோணுச்சு"ன்னுதான் முக்கால்வாசிப் பேர் ஆரம்பிப்பாங்க. அந்த "சொல்லணும்னு தோணுச்சு"வை நாங்க புகார்னு எழுதிட்டா அவங்க சொல்லாததை எழுதுன மாதிரி ஆயிடும். 'மனு'வும் அப்படித்தான், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல குறைதீர்க்கும் நாளுக்கு மனு கொடுக்க வர்றவருக்கு என்ன வேணும்னு தெரியும், பட்டாவோ பென்ஷனோ பாதையோ. எங்களுக்குப் போன் பண்றவங்களுக்கு என்ன வேணும்னு அவங்களுக்கே பாதி தெரியாது.

ஒரு போனைப் பத்தி மட்டும் சொல்றேன். ஊர் பேர் வேணாம், ஆளை அடையாளம் தெரியாத அளவுக்கு சிலதை மாத்தியும் இருக்கேன். மத்தியானம் மூணு மணி இருக்கும், வயசான அம்மா, பின்னாடி டிவி ஓடுது. பேரைக் கேட்டேன், சொன்னாங்க. சாப்டீங்களாம்மான்னு கேட்டேன், பதில் வரல. வாசல் கேட்டு கிறீச்னு திறக்குற சத்தம் எனக்கே கேட்டுச்சு. அடுத்த செகண்ட் குரல் அப்படியே மாறிப் போச்சு, சத்தமா, "ஆமாங்க, சிலிண்டர் தீந்துருச்சு, இன்னும் வரலையே"ன்னாங்க. எனக்கு ஒரு நொடி ஆச்சு புரிய. "சரிங்கம்மா, சிலிண்டர் என்னைக்குக் கொண்டு வரட்டும்?"னேன். "செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு மேல அனுப்புங்க, அப்ப வந்தாத்தான் வசதி." "பக்கத்துல யார் இருந்தாலும் பரவால்லயா?" "இல்ல இல்ல, நான் மட்டும் இருக்கப்ப." வச்சுட்டாங்க. மொத்தம் ரெண்டு நிமிஷம் கூட இருக்காது.

செவ்வாய்க்கிழமை எங்க ஃபீல்ட் ஆளுங்க ரெண்டு பேர் போனாங்க. மாசம் வர்ற 1200 ரூபா முதியோர் உதவித்தொகை, அந்த ஏடிஎம் கார்டு வேற ஒருத்தர் கையில, கேட்டா அடி, கையில பழைய காயம் வேற. அந்த அம்மாவுக்கு போலீஸ் கேஸ் வேணாம், கார்டு மட்டும் வேணும், அது கிடைச்சுது. காயத்துக்கு ஆஸ்பத்திரிக்கு வரவும் கடைசியா சம்மதிச்சாங்க. அவ்வளவுதான் அந்த விஷயம்.

இப்ப சொல்லுங்க, அந்த ரெண்டு நிமிஷத்துல நான் பண்ணது பதிவா? ஒரு எழுத்து எழுதல. புகாரா? புகார்னு ஒரு வார்த்தை அவங்க வாயில வரல. ஆனா இன்டேக்னா அதான், அதைவிடச் சரியான இன்டேக் நான் பண்ணதில்ல.

> 'முறையீடு ஏற்பு' நல்ல சொல். நம் மரபில் ஆராய்ச்சி மணி இருந்ததே, மனுநீதிச் சோழன் வாயிலில் பசு வந்து அடித்தது முறையீடுதானே.

ஐயா, நீங்க சொன்ன உடனே எனக்கும் பிடிச்சுது, ரெண்டு நாள் நோட்டுல எழுதியும் பாத்தேன். ஆனா அந்தப் பசு தெருவுல நடந்து அரண்மனை வாசலுக்கு வர முடிஞ்சுது, மணிக்கயிறு எட்டுச்சு. எங்ககிட்ட பேசுறவங்கள்ல பாதிப் பேர் வாசப்படி தாண்ட முடியாதவங்க, மீதிப் பேருக்குக் கயிறு யார் கையிலயோ இருக்கு. இன்னொண்ணு, முறையீடு பாதிக்கப்பட்டவரே பண்றது, இங்க பாதிக்கு மேல வர்றது அடுத்தவங்க சொல்லித்தான், பால்காரர், பேங்க் கேஷியர், கிராம செவிலியர், ஒரு தடவை வீட்டுல பாத்திரம் தேய்க்கிற பொண்ணு. சட்டமே அதுக்கு இடம் கொடுக்குது, 2007 பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் சட்டத்துல 5-வது பிரிவுப்படி அவரால முடியலைன்னா அவர் சம்மதிச்ச வேற ஆளோ அமைப்போ தீர்ப்பாயத்துல மனு போடலாம், தீர்ப்பாயம் தானாவும் எடுத்துக்கலாம், நம்ம ஊர்ல ஆர்டிஓதான் அந்தத் தீர்ப்பாயம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 7-வது பிரிவு இன்னும் ஒரு படி மேல, கொடுமை நடக்குதுன்னு தெரிஞ்சா யார் வேணா நிர்வாக நடுவர்கிட்ட (எக்ஸிக்யூட்டிவ் மாஜிஸ்ட்ரேட்) சொல்லலாம். சொல்றவங்க எல்லாரையும் முறையிடுறவர்னு எழுதுனா பால்காரர் அடுத்த தடவை வாயே திறக்க மாட்டார்.

அதனால நான் முன்வைக்கிறது முதற்கேட்பு. வேலை பாக்குறவர் முதற்கேட்பாளர், ஃபார்ம் முதற்கேட்புப் படிவம்.

> கேட்பு என்றால் 'க்ளெய்ம்' அல்லவா? காப்பீட்டுக் கேட்பு, கேட்பு வரைவோலை என்று வழங்குகிறதே. குழப்பம் வரும்.

வரும்தான், ஒத்துக்கிறேன். ஆனா அங்க கேட்புங்கறது எனக்குக் கொடுன்னு கேக்குறது, அதுவும் இந்தச் சொல்லோட ஒரு முகம்தான். நம்ம மொழியில 'கேள்'ங்கற ஒரே வினை காதால கேக்குறதுக்கும் வாயால கேக்குறதுக்கும் ரெண்டுக்கும் நிக்குது பாருங்க, "பாட்டு கேட்டேன்", "வழி கேட்டேன்". எங்க மேசையில ரெண்டும் ஒரே மூச்சுல நடக்குது. சும்மா காது கொடுத்தா மட்டும் போதாது, "இப்ப பக்கத்துல யாராவது இருக்காங்களா", "இன்னைக்கு ராத்திரி அங்கயே படுக்கப் பயமா இருக்கா", "மாத்திரை யார் எடுத்துத் தர்றாங்க"ன்னு கேக்கணும், கேட்டா மட்டும் போதாது, பதில் வராத இடத்துல டிவி சத்தத்தையும் வாசல் கேட்டுச் சத்தத்தையும் கவனிக்கணும். 'செவிமடுப்பு'ன்னு தம்பி ஒருத்தர் எழுதுனது அழகான சொல், ஆனா அதுல காது மட்டும்தான் இருக்கு. 'விசாரணை'யில வாய் மட்டும் இருக்கு, அதுவும் போலீஸ் வாய். கேட்புல ரெண்டும் இருக்கு, வேற எந்தச் சொல்லுலயும் எனக்கு இது அமையல.

'முதல்' எதுக்குன்னா, இதுக்கு அப்புறம் வேற ஆள் போய் நேர்ல விசாரிப்பாங்க, அது எங்க வேலை இல்ல. ஸ்டேஷன்ல எஃப்ஐஆரை முதல் தகவல் அறிக்கைன்னுதான் சொல்றோம், அந்த 'முதல்' ஜனங்களுக்குப் பழகுன சொல்.

சொல் நிக்குமான்னு ஆபீஸ்ல மூணு நாள் புழங்கிப் பாத்தேன். "நேத்து ராத்திரி எத்தனை முதற்கேட்பு?" நல்லா வருது. "முதற்கேட்புல வயசு விட்டுப் போச்சு" அதுவும் வருது. கூட வேலை பாக்குற அக்கா ரெண்டாம் நாளே 'முதல்'ஐக் கழட்டிட்டு "கேட்பு ஷீட் எங்கடி"ன்னாங்க, வாயில அப்படிச் சுருங்குற சொல்தான் நிலைக்கும்னு எனக்குத் தோணுது.

> தலைப்பை விட்டு விலகுகிறேன், 'வல்னரபிள் அடல்ட்' என்பதற்கு 'நலிந்தோர்' போதாதா?

அக்கா, விலகல, அதுவும் அதே ஃபார்ம்லதான் இருக்கு. நலிந்தோர்னா நலிந்த பிரிவினர்னு பொருளாதாரம் பக்கம் போயிடுது. 'எளிதில் பாதிக்கப்படக்கூடிய வயதுவந்தோர்' கட்டத்துக்குள்ள அடங்காது, அதுவுமில்லாம குறை என்னமோ அவங்ககிட்ட இருக்குற மாதிரி ஒரு தொனி. இங்கிலாந்துல இதே பேச்சு நடந்திருக்கு, 2000-ல வந்த அரசு வழிகாட்டுதல்ல 'வல்னரபிள் அடல்ட்'னு இருந்துச்சு, 2014 பராமரிப்புச் சட்டம் வந்தப்ப அந்தச் சொல்லை விட்டுட்டாங்க, இப்ப அங்க 'ஆபத்துல இருக்குற வயதுவந்தவர்'ங்கற பொருள்லதான் புழங்குது. ஸ்காட்லாந்து 2007 சட்டத்துலயே அப்படித்தான். நம்மகிட்ட 60 வயசுக்கு மேலன்னா ஒரு சட்டம், மாற்றுத்திறனாளின்னா இன்னொரு சட்டம், 48 வயசுல பக்கவாதம் வந்து படுத்துட்ட ஒருத்தர் சான்றிதழ் வாங்குறதுக்கு முன்னாடியே போன் பண்ணா அவரை எந்தக் கட்டத்துல எழுதறதுன்னு புதுசா வர்றவங்க முழிக்கிறாங்க. எல்லாரையும் அணைக்கிற மாதிரி காப்புக்குரியோர்னு யோசிச்சிருக்கேன், மரியாதைக்குரியோர்ங்கற மாதிரி, காப்பு அவங்களுக்கு உரியதுன்னு வரும். காப்புரிமையோட குழம்புமான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க. தனி இழையாவே வச்சுக்கலாம், நானே ஆரம்பிக்கிறேன்.

படிவம் மாசக் கடைசியில அச்சுக்குப் போகுது, 500 பிரதி, அதுக்குள்ள மாற்றுக் கருத்து இருந்தா எழுதிடுங்க, 'முதற்கேட்பு' ஒட்டாதுன்னு தோணுச்சுன்னா காரணத்தோட கண்டிப்பா சொல்லுங்க, அச்சான பிறகு இன்னும் ரெண்டு வருஷம் அதே காகிதம்தான்.

ஒரு கட்டம் மட்டும் யாரையும் கேக்காம நானே மாத்திட்டேன். முன்னாடி 'புகார்தாரர்'னு இருந்த இடத்துல இப்ப 'சொன்னவர்'. அதுக்குக் கீழ சின்ன எழுத்துல, 'திரும்பக் கூப்பிடலாமா? எந்த நேரம்? வேற யாராவது எடுத்தா என்ன சொல்லணும்?' அந்தக் கடைசிக் கேள்விக்கு மட்டும் ரெண்டு வரி இடம் விட்டிருக்கேன்.

அன்புடன்,
கேட்பு மேசையிலிருந்து