கோதுமையை நிறுத்திய பிறகு இட்லி, தோசை மட்டும் போதுமா?

அகிலா_திருப்பூர்:
என் மகளுக்கு 9 வயது. சீலியாக் நோய் (கோதுமையிலுள்ள குளூட்டன் என்ற புரதம் குடலைப் புண்ணாக்கும் நோய்) என்று உறுதியாகி எட்டு மாதம் ஆகிறது. சப்பாத்தி, ரவை, சேமியா, பிஸ்கட் எல்லாம் நிறுத்திவிட்டோம். பேதி நின்றது, எடையும் ஏறுகிறது. ஆனால் இப்போது மலச்சிக்கல், முக்கி முக்கி அழுகிறாள். மூன்று வேளையும் இட்லி, தோசை, சோறுதான். நார்ச்சத்துக்கு என்ன கொடுக்கிறீர்கள்?

காவிரிக்கரை:
அரிசியை விடாதீர்கள் அம்மா. புண்ணான குடல் இப்போதுதான் ஆறி வருகிறது. தண்ணீர், வாழைப்பழம், கீரை போதும். நம் பாட்டிமார் சோறு சாப்பிட்டே நன்றாக இருந்தார்கள்.

மருதாணி:
எனக்கு இதில் உடன்பாடில்லை. பாட்டி சாப்பிட்டது கைக்குத்தல் அரிசி, காலையில் கம்பங்கூழ். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணையைப் பாருங்கள்: தீட்டிய பச்சரிசி 100 கிராமில் நார்ச்சத்து 3 கிராம்கூட இல்லை. கோதுமை மாவிலும் கேழ்வரகிலும் 11 கிராமுக்குச் சற்று மேல். சப்பாத்தி போன இடத்தில் வெள்ளைத் தோசை வந்தால் வயிறு இறுகத்தான் செய்யும். இந்த நோயில் கால்சியமும் இரும்பும் உடம்பில் சரியாக ஒட்டாது. கேழ்வரகில் கால்சியமும் நிறைய.

காவிரிக்கரை:
அந்தக் கேழ்வரகை எங்கே அரைப்பீர்கள்? எங்கள் தெரு மாவு மில்லில் முந்தினவர் கோதுமை அரைத்துவிட்டுப் போவார், அடுத்தது நம் கேழ்வரகு. முதலில் விழும் மாவில் பாதி அவருடையது. என் தம்பி மகனுக்கு இப்படித்தான் மறுபடி வயிறு கெட்டது.

மருதாணி:
மில் விஷயத்தில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. அதற்காகக் கேழ்வரகையே ஏன் விட வேண்டும்? முழுத் தானியமாக வாங்கி, தட்டில் பரப்பி, கோதுமை மணி கலந்திருந்தால் பொறுக்கி எடுங்கள். மூன்று பங்கு கேழ்வரகு, ஒரு பங்கு உளுந்து ஊறவைத்து வீட்டு கிரைண்டரிலேயே ஆட்டுங்கள். தோசை நன்றாக வரும்.

நெல்லிமரம்:
சுண்டலை மறந்துவிட்டீர்களே! உலர்ந்த கொண்டைக்கடலை 100 கிராமில் நார்ச்சத்து 25 கிராம். மாலையில் ஒரு கிண்ணம் போதும். ஒரே நாளில் கூட்டினால் வயிறு உப்பும், வாரத்துக்குக் கொஞ்சமாக ஏற்றுங்கள், தண்ணீரும் கூடவே. குளூட்டன் இல்லாத ரொட்டி, பிஸ்கட்டை நம்பாதீர்கள். பலவற்றில் அரிசி மாவும் மரவள்ளி மாவும்தான். அப்புறம் சாம்பாருக்கு எந்தப் பெருங்காயம்? கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ சேர்ப்பார்கள்.

காவிரிக்கரை:
சுண்டல் சரி. கேழ்வரகு மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்கலாம் என்பதில் நான் மாறவில்லை.

அகிலா_திருப்பூர்:
கொண்டைக்கடலை ஊறப்போட்டுவிட்டேன். கேழ்வரகை அடுத்த வாரம் டாக்டரிடம் கேட்கிறேன். பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன், மைதா என்று பொடி எழுத்தில் இருக்கிறது. எட்டு மாதமாக அவள் சாப்பிட்ட ரசம், சாம்பார் எல்லாவற்றிலும் அதுதான்.