ரேஸ் டிராக்கில் சொந்தக் காரை ஓட்டினால் இன்சூரன்ஸ் செல்லுமா? லைசென்ஸ் என்ன வேண்டும்?

காரைக்குடி கடைக்காரர்:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் சென்ற ஆண்டு வாங்கிய டர்போ பெட்ரோல் கார் ஒன்று இருக்கிறது. ஆர்சி என் அப்பச்சியின் (அப்பாவின்) பெயரில் உள்ளது. வங்கிக் கடன் இன்னும் முடியவில்லை. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டை டிராக்கில், போட்டியாக அல்லாமல் அவரவர் தம் சொந்தக் காரைக் கொண்டுவந்து ஓட்டிப் பார்க்கும் டிராக் டே ஒன்றுக்கு நண்பர்களோடு சேர்ந்து போகலாம் என்று எண்ணியிருக்கிறேன். திருமயம் சாலையில் ஆடு மாடுகளுக்கும் டவுன் பஸ்ஸுக்கும் நடுவே விரட்டுவதைவிட, அதற்கென்றே கட்டிய இடத்தில் விரட்டுவது எல்லோருக்கும் பாதுகாப்பு என்பது என் வாதம். "கார் போனால் கடனும் சேர்ந்து போய்விடுமா?" என்பது அப்பச்சியின் வாதம்.

காருக்கு பம்பர் டு பம்பர் பாலிசி எடுத்திருக்கிறோம். எங்கே இடித்தாலும் கிளெய்ம் உண்டு என்று ஷோரூமில் பாலிசி போட்டுக் கொடுத்தவர் சொன்னார். இது டிராக்குக்கும் பொருந்துமா? சாதாரண லைசென்ஸ் போதுமா, அல்லது ரேஸ் லைசென்ஸ் தனியாக எடுக்க வேண்டுமா? எனக்கே அடிபட்டால் மருத்துவச் செலவை யார் ஏற்பார்கள்? விவரம் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஓய்வுபெற்ற சர்வேயர், தேவகோட்டை:

தம்பி, அடிபட்ட வண்டிகளின் சேதத்தை இன்சூரன்ஸுக்காக மதிப்பிட்டவன் என்ற முறையில் சொல்கிறேன், உங்கள் அப்பச்சி கேட்டதுதான் சரியான கேள்வி. பாலிசியின் முதல் தாளை எடுத்து, வண்டியை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று வரம்பு சொல்லும் பத்தியைப் படியுங்கள். வாடகைக்கு விடுதல், சரக்கு ஏற்றுதல் ஆகியவற்றை அடுத்து, ஒழுங்கமைக்கப்பட்ட பந்தயம், பந்தயத்தில் முன்னோடி வண்டியாக ஓட்டுதல், வேகச் சோதனை, வண்டியின் உழைப்பைச் சோதிக்கும் நெடுந்தூர ஓட்டம் ஆகியவை விலக்கப்பட்டிருக்கும். வாகனக் காப்பீட்டுக்கான பொது விதிப்புத்தகமாகிய 2002-ஆம் ஆண்டு மோட்டார் டாரிஃபில் அச்சான வாசகம் அது. கம்பெனி எதுவானாலும் ஏறத்தாழ அதே வரிகளைத்தான் இன்றும் காண்பீர்கள்.

பம்பர் டு பம்பர் என்பது, உதிரிபாகங்களின் விலையில் தேய்மானத்துக்காகக் கழிக்கும் தொகையைக் கழிக்காமல் தருவதாக ஒப்புக்கொள்ளும் கூடுதல் சேர்க்கை மட்டுமே. கிளெய்ம் செல்லுபடியானால் கூடுதலாகக் கிடைக்கும். செல்லாத கிளெய்மை அது செல்லுபடியாக்காது. இன்ஜின் பாதுகாப்பு என்று விற்கும் சேர்க்கைக்கும் இதே நிலைதான்.

டிராக் டேயில் பரிசு இல்லை, முதலிடம் இல்லை, ஆகவே அது பந்தயமே அல்ல என்று சிலர் வாதிடுவார்கள். அந்த வாதத்தில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் பந்தயம் என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே வேகச் சோதனை என்ற சொல்லும் நிற்கிறது. செல்போனில் ஒரு சுற்றுக்கு எத்தனை விநாடி என்று கணக்குப் போட்டுப் படத்தோடு பகிர்ந்துவிட்டால், அந்த வாதத்தின் உயிரை நீங்களே எடுத்துவிட்டீர்கள் என்று பொருள். வரம்பை மீறிய பயன்பாட்டுக்கும் முழுவதுமாக மறுக்காமல் ஒப்புக்கொள்ளத்தக்க தொகையில் 75 சதவீதம் வரை தரலாம் என்ற வழிமுறையை உச்ச நீதிமன்றம் 2010-இல் ஒரு வழக்கில் எடுத்துக்காட்டியதைச் சிலர் நினைவுபடுத்தலாம். அது வாடகைக்கு விட்ட வண்டியைப் பற்றிய வழக்கு. அதை நம்பி டிராக்கில் இறங்குபவர் கிளெய்மை நம்பி இறங்கவில்லை, பல ஆண்டு வழக்கை நம்பி இறங்குகிறார்.

அடுத்தவர் வண்டியை இடித்தால் தேர்ட் பார்ட்டி இருக்கிறதே என்றும் எண்ண வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆம் பிரிவு காப்பீட்டைக் கட்டாயமாக்குவது பொது இடத்தில் ஓடும் வண்டிக்கு. வாயிலில் பெயர் பதிந்து, பணம் கட்டி, கையொப்பமிட்டு நுழையும் மூடிய டிராக் பொது இடமா என்பதே முதல் தகராறாக இருக்கும். அதைத் தாண்டினாலும், 2019 திருத்தத்துக்குப் பின் 150-ஆம் பிரிவாக உள்ள விதி, பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் வண்டியைப் பயன்படுத்தக் கூடாது என்ற நிபந்தனை மீறப்பட்டதைக் காரணம் காட்டி எதிர்வாதம் செய்யக் கம்பெனிக்கு இடம் கொடுக்கிறது.

காரைக்குடியிலிருந்து டிராக் வாயில் வரையும், அங்கிருந்து வீடு வரையும் உங்கள் பாலிசி உயிரோடுதான் இருக்கும். ஆனால் இசியூ ரீமேப் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியின் அமைப்பை மாற்றுதல்), சைலன்சர் மாற்றம் என்று எதையாவது செய்துவிட்டுக் கம்பெனிக்குத் தெரிவிக்காமல் இருந்தால், அந்தச் சாலைப் பயணத்துக்கும் வில்லங்கம் வரும்.

பள்ளத்தூர்க்காரர், இப்போது கோவையில்:

சர்வேயர் ஐயா சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் இருங்காட்டுக்கோட்டையிலும் ஓட்டி வருபவன் என்ற முறையில், ஓட்டுபவருக்கு உரிய பகுதியைச் சொல்கிறேன்.

போட்டி அல்லாத டிராக் டேக்குக் காலாவதியாகாத சாதாரண கார் லைசென்ஸ் போதும். எல்எல்ஆர் வைத்திருப்பவரை விடமாட்டார்கள். இந்திய மோட்டார் விளையாட்டுக் கழகங்களின் கூட்டமைப்பு தரும் போட்டி லைசென்ஸ், பந்தயத்தில் பெயர் கொடுப்பவர்களுக்கு உரியது. ஒரிஜினல் லைசென்ஸ், ஆர்சி, நடப்பு இன்சூரன்ஸ் ஆகியவற்றைக் கையில் வைத்திருங்கள். கார் பிறர் பெயரில் இருந்தால் உரிமையாளரின் சம்மதக் கடிதத்தையும் கேட்கக்கூடும். முழு முகத்தையும் மூடும் ஹெல்மெட் வேண்டும். பைக் ஹெல்மெட்டைச் சில ஏற்பாட்டாளர்கள் ஏற்பார்கள், சிலர் தீப்பற்றாத உட்துணி கொண்ட கார் பந்தய ஹெல்மெட்டைத்தான் கேட்பார்கள், முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். முழுக்கைப் பருத்திச் சட்டையும் நீளக் கால்சட்டையும் அணியுங்கள். செருப்போடு வருபவரை வாயிலிலேயே திருப்பி அனுப்புவார்கள், அது நியாயமும்கூட.

காலையில் நடக்கும் விளக்கக் கூட்டத்துக்குத் தாமதமாக வருபவரை டிராக்கில் விடாமல் இருப்பதே நல்ல ஏற்பாட்டின் அடையாளம். கொடிகளின் பொருளை அங்கேதான் சொல்வார்கள்: மஞ்சள் கொடி காட்டினால் வேகத்தைக் குறைக்க வேண்டும், முந்தக் கூடாது, சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தப்பட்டது, மெதுவாகப் பிட்டுக்கு, அதாவது டிராக் ஓரத்தில் வண்டிகளை நிறுத்தும் இடத்துக்கு, திரும்ப வேண்டும், நீலம் என்றால் பின்னால் உங்களைவிட வேகமான கார் வருகிறது, கறுப்புக் கொடி உங்களைக் காட்டி அசைக்கப்பட்டால் உடனே பிட்டுக்கு வந்து என்ன தவறு என்று கேட்க வேண்டும். வளைவில் முந்துவது பெரும்பாலும் தடை. நேர்ப்பாதையில், முன்னால் போகிறவர் கையைக் காட்டி வழிவிட்ட பிறகே முந்த வேண்டும்.

புதியவர்கள் டயரையும் இன்ஜினையும் பற்றிக் கவலைப்படுகிறார்களே தவிர, பிரேக் ஆயிலை நினைப்பதே இல்லை. டாட் 4 வகை ஆயில், புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரவிதி. அதே ஆயில் ஈரத்தை உறிஞ்சிக்கொண்ட பிறகு விதி கேட்கும் அளவு 155 டிகிரிதான். இருங்காட்டுக்கோட்டை டிராக் ஒரு சுற்றுக்கு 3.717 கிலோமீட்டர், வெயில் நாளில் தொடர்ந்து சில சுற்றுகள் அழுத்தி ஓட்டினால், பழைய ஆயில் கொதித்து ஆவிக்குமிழ் உண்டாகி, பெடல் பஞ்சுபோல் தரை வரை இறங்கிவிடும். அந்த நொடியில் எந்தப் பாலிசியும் உதவாது. ஆகவே போகும் முன் ஆயிலை மாற்றி, பிரேக் பேட் தடிமனைப் பார்த்து, வீல் நட்டுகளை முறுக்கு அளவு காட்டும் டார்க் ரெஞ்சில் சரிபார்த்து, பேட்டரி ஆடாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். காருக்குள் இருக்கும் தண்ணீர் பாட்டில் முதல் மிதியடி வரை எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடுங்கள்; பிரேக் பெடலுக்கு அடியில் உருண்டு போகும் பாட்டில் சாமானிய ஆபத்து அல்ல. கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டிச் சூட்டைத் தணித்து, பிட்டில் நிறுத்திய பின் ஹேண்ட்பிரேக் போடாமல் கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். கொதிக்கும் டிஸ்க்கைப் பேட் கவ்விக்கொண்டு நிற்பது இரண்டுக்கும் கேடு.

புதுக்கோட்டை அன்பர்:

இவ்வளவு யோசிக்கத் தேவையில்லை. டிராக்கில் இடித்தால் வண்டியை ஏற்றிக்கொண்டு வந்து, நெடுஞ்சாலையில் லாரி உரசியது என்று எழுதிக் கொடுத்தால் கிளெய்ம் வந்துவிடும். பலரும் செய்வதுதான்.

ஓய்வுபெற்ற சர்வேயர், தேவகோட்டை:

அப்படி வந்த வண்டிகளைப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். சக்கர வளைவுக்குள் டிராக்கின் ஓரச் சரளை சிக்கியிருக்கும். டயரின் தோள்பகுதி சாலையில் ஒருபோதும் தேயாத விதத்தில் உருண்டை உருண்டையாகச் சுருண்டிருக்கும். லாரி உரசியதாகச் சொல்லும் கதவில் தடுப்பு டயர் அடுக்கின் கறுப்பு வட்டம் வட்டமாகப் பதிந்திருக்கும். இதெல்லாம் தெரியாமல் போனாலும், உடன் வந்த நண்பர் அன்று மாலையே படம் போட்டிருப்பார். பொய்க் கிளெய்ம் போட்டால் பணம் போவதோடு நிற்காது. அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவின்படி ஏமாற்றுதல் என்ற குற்றமாகும். கடை நடத்தும் குடும்பத்துக்கு யாரும் இப்படி யோசனை சொல்லக் கூடாது.

காரைக்குடி கடைக்காரர்:

மூவருக்கும் நன்றி, மூன்றாவது யோசனை எனக்கு வேண்டாம். இரண்டு சந்தேகங்கள் மீதி இருக்கின்றன. அப்பச்சியின் பெயரில் உள்ள காரை நான் ஓட்டினால் எனக்கான விபத்துக் காப்பீடு என்ன ஆகும்? இன்னொன்று, இருங்காட்டுக்கோட்டை நானூறு கிலோமீட்டர் தூரம், செட்டிநாட்டுப் பழைய விமான ஓடுதளமோ பக்கத்திலேயே இருக்கிறது, அங்கே ஓட்டிப் பார்த்தால் என்ன என்கிறார் ஒரு நண்பர்.

காரைக்குடி வழக்கறிஞர்:

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: கூடாது. சென்னைக்கு அருகே சோழவரத்திலும் போர்க்காலத்து ஓடுதளத்தில்தான் பந்தயம் நடந்தது என்று உங்கள் நண்பர் சொல்லக்கூடும். அங்கே ஒரு கிளப் பொறுப்பேற்று நடத்தியது. நீங்கள் அனுமதியின்றி நுழைந்தால் அத்துமீறலாகும். மக்கள் வந்துபோகும் இடம் என்று கருதப்பட்டால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவின்படி, அனுமதியற்ற பந்தயத்துக்கு முதல் முறை மூன்று மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆடு மேய்க்கும் சிறுவன் குறுக்கே வந்தால் நிலைமை எங்கே போகும் என்பதை நான் எழுதத் தேவையில்லை.

வண்டி உரிமையாளருக்குக் கட்டாயமான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு, ஆர்சியில் பெயர் உள்ள உரிமையாளர் ஓட்டும்போது அவருக்கு மட்டுமே உரியது. நீங்கள் ஓட்டினால், டிராக்கில் மட்டுமல்ல, கழனிவாசல் சாலையிலும் அது உங்களுக்கு இல்லை. உங்கள் பெயரில் தனி விபத்துப் பாலிசி இருந்தால் அதன் விலக்குகளைப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் மோட்டார் பந்தயம் பெயர் சொல்லியே விலக்கப்பட்டிருக்கும். மருத்துவக் காப்பீட்டில் நிலைமை சற்று வேறு. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் எல்லாக் கம்பெனிகளுக்கும் ஒரேபோல் வகுத்த விலக்கு வாசகம், ஆபத்தான விளையாட்டுகளில் தொழில்முறையாகப் பங்கேற்பவரின் சிகிச்சையைத்தான் விலக்குகிறது. ஓய்வுநாளில் ஓட்டிப் பார்க்கும் கடைக்காரர் தொழில்முறை வீரர் அல்லர் என்று வாதிட அங்கே நல்ல இடம் இருக்கிறது.

டிராக்கில் நீங்கள் கையொப்பமிடும் உறுதிமொழிப் படிவத்தை அன்று காலை அவசரத்தில் படிக்காமல், முன்னதாகவே வாங்கிப் படியுங்கள். தடுப்புச் சுவருக்கும், சிந்திய ஆயிலைத் துடைப்பதற்கும், வண்டியை இழுத்து வருவதற்கும் யார் பணம் கட்டுவது என்பது அதில் எழுதியிருக்கும். கார் முழுவதும் நொறுங்கினாலும் வங்கியின் மாதத் தவணை நிற்காது. கடன் முடியும் வரை அந்தக் காரை டிராக்குக்குக் கொண்டுபோக வேண்டாம் என்பதும், ஆசை இருந்தால் ஏற்பாட்டாளரே கார் தரும் பயிற்சி வகுப்பில் சேர்ந்து, சேதம் வந்தால் உங்கள் பொறுப்பு எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு ஓட்டுங்கள் என்பதும் என் கருத்து. அப்படியும் சொந்தக் கார்தான் என்று முடிவு செய்தால், நாள், இடம், நேரக் கணக்கு இல்லாத ஓட்டம் என்ற விவரங்களோடு காப்பீடு உண்டா இல்லையா என்று கம்பெனிக்கு மின்னஞ்சலில் கேளுங்கள். பாலிசிதாரர் அப்பச்சி என்பதால், அந்தக் கடிதம் அவர் பெயரில்தான் போக வேண்டும்.