நகைக்கடன் இருக்கும்போது தசமபாகமா, சேமிப்பா?

பாளை வாசகி:
கர்த்தருக்குள் அன்பானவர்களுக்கு வாழ்த்துகள். எங்கள் வீட்டிற்கு மாதம் 30,000 ரூபாய் வருகிறது. சம்பளம் வந்த அன்றே 3,000 ரூபாயைத் தசமபாகமாக, அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கையாக, எடுத்துவைத்துவிடுகிறோம். வாடகை, பள்ளிக் கட்டணம், மளிகை போக மிஞ்சுவது நகைக்கடன் வட்டிக்கே சரியாகிவிடுவதால் அசல் அப்படியே நிற்கிறது. "நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள்" என்று ஆண்டவரே சொல்லியிருக்க, பணம் சேர்ப்பது அவிசுவாசம் என்கிறார் என் மாமியார். மகள் அடுத்த ஆண்டு கல்லூரியில் சேர வேண்டும். நாங்கள் எதை முதலில் செய்வது?

சேகரப் பொருளாளர்:
சகோதரி, அந்த வசனம் விலக்குவது கவலையை, முன்யோசனையை அல்ல. கோபுரம் கட்ட மனதுள்ளவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று லூக்கா 14-ஆம் அதிகாரத்தில் சொன்னவரும் அதே ஆண்டவர்தான். எகிப்தில் செழிப்பான ஏழு ஆண்டுகளிலும் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கை யோசேப்பு களஞ்சியங்களில் சேர்த்துவைத்ததனால்தான், பஞ்சம் வந்தபோது அவரைக் குழியில் தள்ளிய சகோதரர்களும்கூடப் பிழைத்தார்கள். லூக்கா 12-இல் களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த ஐசுவரியவான் கண்டிக்கப்பட்டது, தனக்காகவே சேர்த்ததற்காக.

நம் பக்கத்துச் சபைகளில் தாய்மார் உலையில் அரிசி போடுமுன் ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப் பானையில் இட்டு, ஞாயிற்றுக்கிழமை ஆலயத்திற்குக் கொண்டுவருவது வழக்கம். மிஞ்சியதிலிருந்து எடுக்காமல், சமைக்குமுன்பே எடுத்ததுதான் அதன் பலம். சேமிப்பையும் அப்படியே, சம்பள நாளன்றே பிரித்துவிடுங்கள். 500 ரூபாயானாலும் போதும். 1810-இல் ஸ்காட்லாந்தின் ருத்வெல் என்னும் சிற்றூரில் ஹென்றி டங்கன் என்ற போதகர், அக்கால வங்கிகள் 10 பவுண்டுக்குக் குறைந்த தொகையை ஏற்காதிருந்தபோது, ஏழை உழைப்பாளிகள் ஆறு பென்ஸ் கொண்டுவந்தாலும் வாங்கிக்கொள்ளும் சேமிப்பு வங்கி ஒன்றைத் தொடங்கினார் என்பதை நான் மிகுந்த நன்றியோடு நினைப்பதுண்டு.

வங்கி ஊழியர், மதுரை:
பொருளாளர் ஐயா சொன்னதை ஏற்கிறேன். ஆனால் கடனைப் பற்றி இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். "கடன் வாங்கினவன் கடன் கொடுத்தவனுக்கு அடிமை" என்று நீதிமொழிகள் 22:7 கூறுகிறது. வட்டியை மட்டும் கட்டிவந்தால் இந்த அடிமைத்தனம் ஆண்டுக்கணக்கில் நீளும். மீட்காத நகை ஏலத்திற்கும் போகலாம். ஆகவே அவசரத் தேவைக்கென ஒரு மாதச் செலவு அளவுக்குச் சேர்ந்ததும், மேற்கொண்டு மிஞ்சுவதை அசலில் கட்டுங்கள். அடகிலிருக்கும் நகைகளில் பயன்படாத ஒன்றை விற்று மற்றவற்றை மீட்க முடியுமானால், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அஞ்சலகத் தொடர் வைப்பை மாதம் 100 ரூபாயிலேயே தொடங்கலாம். அது ஐந்தாண்டுத் திட்டம் என்பதால் அவசரப் பணத்தை அதில் போட வேண்டாம். மகளின் படிப்புக்கு வித்யாலட்சுமி இணையதளத்தின் வழியாகக் கல்விக்கடனுக்கு விண்ணப்பியுங்கள். நகைக்கடனை மேலும் ஏற்ற வேண்டாம்.

தசமபாகத்தை நிறுத்துங்கள் என்று நான் சொல்லமாட்டேன். கொஞ்ச காலம் குறைக்க நேர்ந்தால், இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே கொடுப்பது அங்கீகரிக்கப்படும் என்று பவுல் எழுதியதை (2 கொரிந்தியர் 8:12) உங்கள் ஆயரோடு சேர்ந்து வாசித்து முடிவெடுங்கள்.

நாகர்கோவில் சகோதரன்:
ஒன்று மட்டும். விதைத்தால் நூறு மடங்கு வரும் என்று காணிக்கை கேட்பவரிடமும், ஒரே சபையார் என்பதால் நம்பி அதிக வட்டிக்குப் பணம் கேட்பவரிடமும் எச்சரிக்கையாயிருங்கள். சீட்டு என்றால் 1982-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவானதா என்று பாருங்கள். வங்கி வைப்புக்கு ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. தனியாரிடம் கைமாற்றாகக் கொடுக்கும் பணத்திற்கு அப்படி எதுவும் இல்லை.

பாளை வாசகி:
மிக்க நன்றி. யோசேப்பின் அதிகாரத்தை இன்றிரவு குடும்ப ஜெபத்தில் மாமியாரையே வாசிக்கச் சொல்லப்போகிறேன். நகையை விற்பது பற்றிக் கணவரிடம் பேச வேண்டும், அதற்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.