புதுப்பிப்பு: ஏஐ பதிவேட்டில் என்னதான் எழுத?

சின்ன நிதி நிறுவனங்கள் ஏஐ வாங்குமுன் ஒரு பதிவேடு திறக்கணும் என்று போன பதிவில் சொல்லியிருந்தோம். திருநெல்வேலி, பாளையங்கோட்டை அண்ணாச்சிமார் சிலர் விவரம் கேட்டதால் இது.

ஒரு கருவிக்கு ஒரு வரி போதும்: எதற்கு, எந்தத் தகவல் உள்ளே போகுது, விடையை யார் சரிபார்க்கிறார், யார் நிறுத்தலாம். ‘யார் நிறுத்தலாம்’ என்ற இடத்தில் ‘ஐடி பிரிவு’ என்று எழுதினால் செல்லாது, ஆள் பெயர் வேணும்.

பதிவேட்டுக்குள் வராமலே நழுவுவது ஊழியரின் சொந்த போன்தான். நகைக்கடன் நோட்டீஸ் எழுத ஆதார் படத்தையே இலவச ஏஐ செயலியில் ஏற்றிவிடுவார்கள். தடை போட்டால் ஒளித்துச் செய்வார்கள், அவ்வளவுதான். ஏஐ செயலிக்கு அலுவலகக் கணக்கு வாங்கிக் கொடுங்க. பெயர், எண்ணை மறைத்த பிறகே ஏற்றணும். 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, மென்பொருள் வெளியாருடையது என்றாலும் பொறுப்பு நிறுவனத்துக்கே. பாதுகாப்பில் கோட்டை விட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம்.

கடன் கேட்பவருக்கு மதிப்பெண் போடும் கருவி இருந்தால், மாதம் 20 கடன் கோப்புகளை மதிப்பெண் காட்டாமல் மேலாளரிடம் கொடுத்து, அவர் முடிவைக் கருவியின் விடையோடு ஒப்பிடுங்க. கடன் நிராகரிப்பைப் பின்கோடு வாரியாகவும் பாருங்க. ஒரே பகுதியில் குவிந்தால் பழைய தரவிலிருந்து கருவி கற்றுக்கொண்ட பாரபட்சமாக இருக்கலாம். விற்பனையாளர் கருவியின் பதிப்பை மாற்றினால் அதே 20 கோப்புகளை மறுபடி ஓட்டணும். மாற்றத்தை முன்கூட்டியே சொல்லணும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிடுங்க.